வேடமும் பாலும்: சித்தூர் வட்டார மரபும் திரைப்படத் திருநங்கைப் பாத்திரங்களும்

திரைப்படத்தில் திருநங்கைப் பாத்திரத்தைத் திருநங்கை அல்லாத நடிகர் ஏற்கலாமா என்னும் வினா, கடந்த பத்தாண்டுகளுக்கு மேலாகத் தென்னக மொழித் திரையுலகங்களில் எழுப்பப்பட்டு வருகிறது. இதற்கு அளிக்கப்படும் விடைகளுள் ஒன்று மரபைச் சான்று காட்டுவது. ஆண்கள் பெண்வேடம் பூணுவது இந்நாட்டில் பண்டுதொட்டு உள்ள வழக்கம். கூத்திலும் திருவிழாவிலும் எவரும் குற்றமாகக் கொள்ளாத ஒன்றைத் திரையில் மட்டும் குற்றமாகக் கொள்வது ஏன் என்பது அவ்விடையின் சாரம். இக்கட்டுரை அந்த மரபுச் சான்றை மட்டும் எடுத்துக்கொண்டு, அது சான்றாகத் தகுமா என ஆராய முற்படுகிறது.

ஆய்வுக்குரிய களமாகச் சித்தூர் வட்டாரம் கொள்ளப்படுகிறது. 1911இல் வடஆர்க்காட்டிலிருந்து பெரும்பகுதி பிரிந்து உருவான சித்தூர் மாவட்டம், 1953இல் ஆந்திர மாநிலத்தோடு சேர்ந்தது. 1960இல் எல்லை திருத்தப்பட்டபோது திருத்தணிப் பகுதி சென்னை மாநிலத்திற்கு வந்தது. 2022 ஏப்ரலில் திருப்பதி தனி மாவட்டமாயிற்று. ஆட்சி எல்லை பலமுறை மாறியும் மக்களின் இருமொழி வழக்கு மாறவில்லை. காலையில் தெலுங்கில் பேரம் பேசியவர் மாலையில் தமிழில் கூத்துப் பார்க்கும் நிலம் இது. வேட மரபு இங்குப் போல் வேறெங்கும் இத்துணைச் செழிப்பாக உள்ளதா என்பது ஐயமே. அம்மரபை உலகறியச் செய்ததும் அண்மையில் ஒரு திரைப்படம்தான். 2024 டிசம்பரில் வெளிவந்த 'புஷ்பா 2' படத்தில் அல்லு அர்ஜுன் புடவை கட்டி, மஞ்சளும் நீலமும் பூசி, எலுமிச்சை மாலையணிந்து ஆடிய ஜாத்திரைக் காட்சியைக் கண்ட திருப்பதியார், அதனைத் தம் ஊர்க் கங்கம்மா ஜாத்திரை வேடமாக உடனே இனங்கண்டனர்.

முதலில் சொல் பற்றி ஒரு குறிப்பு. ஆங்கிலத்தில் 'சிஸ்ஜெண்டர்' என்னும் சொல்லுக்குத் தமிழில் நிலைபெற்ற ஈடு இன்னும் இல்லை. 'சிஸ்', 'டிரான்ஸ்' ஆகிய இரண்டும் இலத்தீன் முன்னொட்டுகள். ஆல்ப்சு மலைக்கு இப்பால் உள்ள நிலத்தையும் அப்பால் உள்ள நிலத்தையும் உரோமானியர் இவற்றால் வேறுபடுத்தினர். 'பால்' என்னும் தமிழ்ச் சொல் பக்கத்தையும் குறிக்கும், ஆண்பால் பெண்பால் என்னும் இலக்கணப் பகுப்பையும் குறிக்கும். ஆகவே 'இப்பாலார்', 'அப்பாலார்' என்று பெயர்த்துவிடலாமே என மொழிபெயர்ப்பாளர்க்கு ஆசை எழுவது இயல்பு. எனக்கும் எழுந்தது. ஆனால் இகரச் சுட்டு பேசுவோன் நிற்கும் இடத்தைச் சார்ந்தது. ஒரு திருநங்கை பேசும்போது அவர் நிற்கும் பக்கமே 'இப்பால்'. எனவே அச்சொல்லாக்கம் வினாவுக்குள்ளேயே விடையைப் புகுத்திவிடும். ஈண்டுத் 'திருநர் அல்லாதார்' என்னும் தொடரே கையாளப்படுகிறது. பெரும்பான்மையினரை 'அல்லாதார்' என்று எதிர்மறையால் குறிப்பது தமிழ் அரசியல் வரலாறு அறிந்தவர்க்குப் புதிதன்று.

இனி இலக்கணம். 'பேடி' போன்ற பெயர்கட்குப் பால் உணர்த்தத் தனி ஈறு இல்லை என்றும், அவை உயர்திணைக்குரிய ஈறுகளைக் கொண்டே முடியும் என்றும் தொல்காப்பியக் கிளவியாக்கம் கூறுகிறது. அதே நூற்பாவில் தெய்வப் பெயர்களும் சேர்த்து வைக்கப்பட்டுள்ளன. தமக்கென ஈறு இன்மையால் பிறர் ஈற்றைப் பெறுவனவாகத் தெய்வமும் பேடியும் ஓரிடத்தில் நிற்கின்றன. இதே இயலில் பின்னர் மற்றொரு விதி வருகிறது. ஆண்மை திரிந்த பெயர்கள் ஆண்பால் ஈற்றோடு முடிதற்கு இடமில்லை என்பது அது. 'பேடி வந்தாள்' எனலாம், 'பேடியர் வந்தார்' எனலாம், 'பேடி வந்தான்' எனல் வழு. ஒருவர் எப்பாலினராகத் தம்மைக் கொள்கிறாரோ அதனை மொழி ஏற்க வேண்டும் என்னும் இக்கால வேண்டுகோளுக்கு மிக நெருங்கிய விதி இது. பதின்மூன்றாம் நூற்றாண்டைச் சார்ந்த நன்னூல், பெண்மை நீங்கி ஆண்மையை அவாவுவோர்க்கு ஆண்பாலும், ஆண்மை நீங்கிப் பெண்மையை அவாவுவோர்க்குப் பெண்பாலும் உரிய என்கிறது. இன்று திருநம்பியர் என வழங்குவோர்க்கு இலக்கணம் இடமளித்தது இங்குத்தான். ஆயினும் அந்நூற்பாவே இறுதியில் இருசாராரும் அஃறிணை போலவும் வருவர் என்றும் சேர்க்கிறது. 'அது' என்னும் சுட்டு நுழைந்த வாயிலும் அதுவே. இவ்வாயிலை நாம் பின்னர் மீண்டும் காண்போம்.

பேடியாக ஆடுதல் என்பதும் பழமையானது. மாதவி ஆடிய பதினோராடல்களுள் ஒன்று 'பேடு'. அது வாணனது நகரில் காமன் பேடிக்கோலம் கொண்டு ஆடிய ஆடல் எனச் சிலப்பதிகாரமும் உரையும் கூறுகின்றன. ஆண் தெய்வம் ஒன்று பேடியாக ஆடியதை ஒரு பெண் மீண்டும் ஆடிக் காட்டுகிறாள். மூன்று அடுக்குகளும் காண்போர்க்குத் தெளிவாகத் தெரிகின்றன. மணிமேகலையில் தெருவில் நின்று பேடிக்கூத்துக் காண்போர் காணும் உருவத்தில் சுருண்ட தாடியும் உண்டு, பெண் அணிகளும் உண்டு. வேடம் தன்னை வேடம் என்று அறிவித்துக்கொண்டே நிற்கிறது. இவ்விலக்கியச் சான்றுகளிலிருந்து இன்றைய கள வழக்கிற்கு வருவோம்.

சித்தூர் வட்டார வேடங்கள்

திருப்பதித் தாத்தையகுண்டாக் கங்கம்மா ஜாத்திரை ஆண்டுதோறும் மே மாதத்தில் ஏறத்தாழ ஒரு வாரம் நடைபெறுவது. பெண்களைத் துன்புறுத்திய பாளையக்காரன் ஒருவனைக் கங்கம்மா தேடிப் புறப்பட்டாள் என்பது தலபுராணம். அவன் ஒளிந்துகொள்ள, அவளும் ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு கோலம் கொண்டு ஊரைச் சுற்றுகிறாள். பைராகி, பண்ட, தோட்டி, தொர, மாதங்கி, சுன்னப்புக் குண்டலு என அக்கோலங்கட்குப் பெயர். 'தொர' என்பது துரை. துரைக் கோலத்தில்தான் அவள் அவனைக் கண்டு தலையைக் கொய்கிறாள். இக்கோலங்களைக் கட்டும் உரிமை கைகால என்னும் நெசவுச் சமூகத்தைச் சார்ந்த குடும்பத்து ஆடவர்க்கு வழிவழியாக உரியது. எனவே துரை வேடத்தன்று நிகழ்வது யாதெனில், ஓர் ஆண், ஒரு பெண்தெய்வமாகி, அத்தெய்வம் கொண்ட ஆண்கோலத்தைக் கட்டுகிறான். இதற்கு எந்த வினைமுற்றைப் பயன்படுத்துவது? கூட்டத்தில் நிற்போர் தயங்குவதில்லை. 'கங்கம்மா வந்தாள்' என்பர் தமிழர். தெய்வப் பெயர்க்கு ஈறு இரவலாகக் கிடைக்கிறது என்ற தொல்காப்பிய விதி தெருவில் நடந்து வருவதைக் காணும் இன்பம் மொழியியலார்க்கே உரியது.

இதனின் வேறானது ஊர் ஆடவர் பூணும் ஸ்திரீ வேடம். நேர்த்திக்கடனாகப் பெரியோரும் சிறுவரும் புடவை கட்டி, பூ வைத்து, பெரும்பாலும் தம் வீட்டுப் பெண்களே ஒப்பனை செய்துவிட, கோயிலுக்கு வருகின்றனர். திருப்பதியில் பல ஆண்டுகள் கள ஆய்வு செய்த ஜாய்ஸ் புளூக்கிகர் 2013இல் வெளியிட்ட நூலுக்கு, 'உலகம் பெண்ணாகும்போது' என்னும் பொருளில் தலைப்பிட்டுள்ளார். அந்நாள்களில் பெண்மையே வலிமை. அதனை ஆண் தன் மேல் சற்றே ஏற்றுக்கொள்கிறான். மீசையை மழிக்காமல் வேடமிட்டு வருவோரும் உண்டு. எவரையும் நம்பவைப்பது அவர்தம் நோக்கமன்று. பக்கத்து வீட்டுக்காரர் புடவையில் வருகிறார் என்பது ஊரார்க்குத் தெரியும். தெரிய வேண்டும் என்பதே நேர்த்தியின் பயன்.

மூன்றாவது, கூத்து. இவ்வட்டாரத்துத் திரௌபதி கோயில்களில் பகலில் பாரதக் கதை சொல்லப்பட, இரவில் தெருக்கூத்து நடைபெறும். அர்ச்சுனன் தவமும் துரியோதனன் படுகளமும் ஊரையே அரங்காக்கும். திரௌபதியாக ஆடுபவர் ஆண். விராட பருவத்தில் அர்ச்சுனன் பேடியாவான். திரைக்குப் பின்னிருந்து வரும் பாத்திரம் தன்னைத் தானே படர்க்கையில் பாடி அறிமுகம் செய்துகொள்வது கூத்தின் இலக்கணம். திரௌபதி வேடக்காரர் தம்மைப் பற்றித் தாமே 'வந்தாள்' என்று பாடி நுழைந்து, பின்னரே 'நான்' என்று பேசத் தொடங்குகிறார். இதனை மொழியியல் நோக்கில் கருதுதல் நன்று. தமிழில் தன்மை இடத்துக்குப் பால் இல்லை. 'நான் வந்தேன்' என்று எப்பாலாரும் கூறலாம். பால் என்பது படர்க்கையில், அதாவது பிறர் வாயில்தான் வெளிப்படுகிறது. கூத்து அவ்வீற்றைப் பாத்திரத்துக்கு உரியதாக்கி, நடிகரை அதனின்றும் பிரித்துக் காட்டிவிட்டுத்தான் ஆட்டத்தைத் தொடங்குகிறது.

இம்மூன்றுக்கும் வழங்கும் வினைகள் வேடம் 'கட்டுதல்', 'போடுதல்' என்பன. தெலுங்கில் 'வேஷம் வேயு', 'வேஷம் கட்டு' என்பன. 'ஆதல்' என்னும் வினை இல்லை. திரைநடிப்பைப் புகழ்வோர் வழக்கமாகக் கூறும் 'பாத்திரமாகவே மாறிவிட்டார்' என்னும் தொடர், வேடத்தை மேலே கட்டிக்கொள்வதாகக் கருதும் இம்மரபுக்குப் புறம்பானது. ஆகவே ஜாத்திரையையோ கூத்தையோ திரைப்படத்துக்கு நேர் முன்னோடியாகக் காட்டுவோர், அவை எதனைச் செய்யாமல் விடுகின்றனவோ அதனையே அவற்றின் பெயரால் நியாயப்படுத்துகின்றனர். 'புஷ்பா 2' காட்சியும் இவ்வகையில் மரபு பிறழாதது. அங்குப் புடவை கட்டுபவன் கதையிலும் ஆண்தான். அவன் நேர்த்தி செலுத்துகிறான். அவனது ஆண்மை குறித்துக் காண்போர்க்கு ஐயம் எழ இடமேயில்லை. அதே புடவை ஒரு திருநங்கையின் மேல் இருந்தபோது திரை அதனைப் பல்லாண்டுகள் நகைப்புக்கோ அச்சத்துக்கோ மட்டுமே பயன்படுத்தியது என்பதை அதனோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

ஸ்திரீ பார்ட்

சடங்கும் கூத்தும் சான்றாகா எனில், மேடை நாடகத்து 'ஸ்திரீ பார்ட்' சான்றாகுமோ? காண்போரை நம்பவைக்க முயன்ற வேடம் அது. 1918இல் சங்கரதாஸ் சுவாமிகள் தொடங்கிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையிலும், அதன் வழிவந்த சிறுவர் நாடகக் குழுக்களிலும் பெண் பாத்திரங்களைச் சிறுவர்களே ஏற்றனர். தி. க. சண்முகம் ஔவையாராக நடித்து ஔவை சண்முகம் என்றே பெயர் பெற்றார். தெலுங்கில் ஸ்தானம் நரசிம்மராவ் பெண் பாத்திரங்களுக்காகவே போற்றப்பட்டு 1956இல் பத்மஸ்ரீ பெற்றார். கூச்சிப்பூடியில் வேதாந்தம் சத்தியநாராயண சர்மாவின் சத்தியபாமா பெரும்புகழ் பெற்றது. 'அசோக் குமார்' (1941), 'மீரா' (1945) ஆகிய தமிழ்ப் படங்களால் நாம் அறிந்த நாகையா, சித்தூர் இராமவிலாச சபை மேடையில் தோன்றிப் புகழடைந்து, அவ்வூர்ப் பெயரைத் தம் பெயரோடு சேர்த்துக்கொண்டவர். தொடக்க நாளில் அவரும் பெண்வேடம் தாங்கியவரே.

இவர்களது கலைத்திறனை எவரும் மறுக்க இயலாது. ஆனால் அத்திறன் மலர்ந்த நிலம் எது? குடும்பப் பெண்கள் மேடையேறுதல் இழிவு என்று கருதப்பட்ட நிலம். மேடையேறிய பாலாமணி அம்மாள் போன்றோரும் மதிப்புக்குறைவான பார்வைக்கு ஆளாயினர். பெண்ணைவிட ஆணே பெண்மையை நுட்பமாகக் காட்டவல்லான் என்ற கூற்று, பெண்ணுக்கு வாயில் அடைக்கப்பட்டிருந்த காலத்தில் எழுந்த அழகியல் கொள்கையாகும். 1913இல் 'ராஜா ஹரிச்சந்திரா'வில் தாராமதியாக நடித்தவர் சாளுங்கே என்னும் ஆண். நடிக்க முன்வரும் பெண்ணைத் தேடிக் கிடைக்காமையே அதற்குக் காரணம். 1931இல் 'காளிதாஸ்' வெளிவந்தபோது தி. பி. இராஜலட்சுமி கதாநாயகி. அண்மைக் காட்சியும் குரலும் கூடியபின், ஆண் நடிக்கும் கதாநாயகியைப் பேசும்படம் தொடக்கத்திலிருந்தே ஏற்கவில்லை. ஒரு தலைமுறைக்குள் ஸ்திரீ பார்ட் நடிகர் திரையிலிருந்து மறைந்தனர். நகைச்சுவைக்கு மட்டும் எஞ்சினர்.

இவ்வரலாறு கூறுவது மரபுவாதிகள் எதிர்பார்க்கும் செய்தியன்று. பெண் பாத்திரத்தைப் பொறுத்தவரை திரைப்படம் மேடை மரபை உடனே கைவிட்டது. திருநங்கைப் பாத்திரத்தைப் பொறுத்தவரை அதே மரபை முக்கால் நூற்றாண்டுக்கு மேல் பேணியது. கலைக்கோட்பாடு ஒன்றாக இருக்க, இரு சாராரையும் அது இருவேறாக நடத்தியதற்குக் காரணம் கோட்பாட்டில் இல்லை. யார் வாயிலில் வந்து நின்று வேலை கேட்க முடிந்தது என்பதில் இருக்கிறது.

திரையில்

1991இல் இந்தியில் வந்த 'சடக்' படத்தின் மகாராணி என்னும் எதிர்நாயகப் பாத்திரத்தைச் சதாசிவ் அமராப்பூர்கர் ஏற்றார்; அதன் தமிழாக்கமான 'அப்பு'வில் (2000) பிரகாஷ்ராஜ் ஏற்றார். 'காஞ்சனா'வில் (2011) சரத்குமார் நடித்த திருநங்கை இறந்தபின் ஆவியாகி நாயகனுள் புகுகிறாள். அதே ஆண்டில் வெளிவந்த 'நர்த்தகி'யில் கல்கி சுப்பிரமணியம் என்னும் திருநங்கையே தலைமைப் பாத்திரம் ஏற்றார். எண்ணிக்கை மிகுந்த பட்டியலை இங்குத் தருதல் தேவையன்று. விரிவாக நோக்கத்தக்கது ஒரு படம்.

லிவிங் ஸ்மைல் வித்யா தம் வாழ்க்கை வரலாற்றைத் தமிழில் எழுதி 2007இல் வெளியிட்டார். அவர் மொழியியலில் முதுகலை பயின்றவர் என்பது நமக்குக் கூடுதல் நெருக்கம் தரும் செய்தி. நாடக நடிகர், திரைப்படத்தில் உதவி இயக்குநராகவும் பணியாற்றியவர். அந்நூலின் கன்னடப் பெயர்ப்பைத் தழுவி பி. எஸ். லிங்கதேவரு 'நானு அவனல்ல அவளு' படத்தை இயக்கினார். முதன்மைப் பாத்திரத்தில் நடித்த சஞ்சாரி விஜய், 2014ஆம் ஆண்டுப் படங்களுக்கான 62ஆம் தேசிய விருதுகளில் சிறந்த நடிகர் விருது பெற்றார். அவரது நடிப்பு உண்மையானது, பரிவுடையது. 2021இல் விபத்தில் அவர் மறைந்தபோது பலரும் முதலில் நினைவுகூர்ந்தது இப்படத்தையே.

ஆயினும் தலைப்பைக் கவனிக்க வேண்டும். 'நான்' என்னும் பாலற்ற தன்மைப் பெயர், அதன்பின் 'அவன்' மறுக்கப்படுகிறது, 'அவள்' நிறுவப்படுகிறது. கதை சிறுவயதிலிருந்து தொடங்குவதால், மாற்றத்துக்கு முற்பட்ட பகுதிகளை நடிக்க ஆண் நடிகர் வேண்டும் என்பர் ஆண் நடிகரைத் தேர்வதை ஆதரிப்போர். நடைமுறையில் அதற்குப் பொருள் உண்டு. ஆனால் அவ்வாறு நடிக்கும்போது படத்தின் இலக்கணம் 'அவன் அவளானான்' என்று மாறிவிடுகிறது. தலைப்பிலேயே மறுக்கப்பட்ட ஆண்பால் ஈறு, நடிகரின் உடல்வழியே திரும்பி வருகிறது. விருதுப் பிரிவின் இந்திப் பெயர் 'அபிநேதா' என்னும் ஆண்பாற்சொல். தமிழின் 'நடிகர்' என்னும் மரியாதைப் பன்மை இதனை மறைத்துவிடுவதால் நாம் கவனியாமல் போகிறோம். 'பேடி வந்தான்' எனல் வழு என்ற தொல்காப்பியர் விதியை இவ்விருதுப் பிரிவு அறியாமலே மீறுகிறது. 2019ஆம் ஆண்டின் 'சூப்பர் டீலக்ஸ்' படத்தில் ஷில்பாவாக நடித்த விஜய் சேதுபதிக்குச் சிறந்த துணைநடிகர் விருது கிடைத்தபோதும் நிகழ்ந்தது இதுவே.

நடிகரை மாற்றிவிட்டால் யாவும் சீராகிவிடும் என்று கருதுவதும் பிழை. 'ஐ' (2015) படத்தில் ஓஜஸ் ரஜானி என்னும் திருநங்கை, தம் உண்மைத் தொழிலான ஒப்பனைக் கலைஞராகவே நடித்தார். பாத்திரம் எழுதப்பட்ட முறை இழிவுடையது என்று திருநங்கையர் போராடினர். 'சூப்பர் டீலக்ஸ்' பற்றி எழுந்த கண்டனங்களிலும், குழந்தைக் கடத்தலோடு அப்பாத்திரத்தைத் தொடர்புபடுத்திய எழுத்து ஒரு பகுதி. முகம் ஒருவருடையதாயினும் வாயில் வரும் உரையாடல் வேறொருவருடையது. எனவே யார் நடிப்பது என்னும் வினாவுக்கு முன் யார் எழுதுவது என்னும் வினா நிற்கிறது.

மறுபுறம், திருநங்கையர் மட்டுமே திருநங்கைப் பாத்திரம் ஏற்க வேண்டும் என்று விதி செய்தால் அது அவர்களை அப்பாத்திரத்துக்குள்ளேயே அடைத்துவிடாதா? இவ்வச்சம் நியாயமானது. 'பேரன்பு' (2019) படத்தில் அஞ்சலி அமீர் நடித்த மீரா திருநங்கைதான். எனினும் கதையில் அவர் ஏற்றது ஒரு வீட்டின் துணைவி இடம். தமிழ்நாட்டைச் சேர்ந்த நேகா, மலையாளப் படமான 'அந்தரம்' மூலம் கேரள மாநில விருது பெற்றார். பெண்கள், திருநர் ஆகியோர்க்கெனப் புதிதாக ஏற்படுத்தப்பட்ட தனிப்பிரிவில் அது வழங்கப்பட்டது. தனிப்பிரிவு மதிப்புதான், சிறந்த நடிகை என்னும் பொதுப்பிரிவின் கதவு அதனால் திறந்ததாகாது. ஒரு திருநங்கை, திருநங்கை என்னும் குறிப்பே இல்லாத தாயாகவோ ஆசிரியையாகவோ நடிக்க அழைக்கப்படும் நாளில், திருநர் அல்லாதார் திருநங்கையாக நடிப்பதையும் நடிப்புக்கலையின் பொதுவுரிமையாகக் கருத இயலும். ஒரு திசையில் மட்டும் செல்லும் உரிமையைப் பொதுவுரிமை என்று கூற இயலாது. என் கருத்தில் தற்போதைய நிலையில் முன்னுரிமை திருநர்க்கே உரியது. அது நிலையான இலக்கணமன்று, இக்கால வழக்குப் பற்றிய தீர்ப்பு.

பொருளியல் தடையும் உண்டு. 2018இல் ஸ்கார்லெட் ஜோஹான்சன் ஒரு திருநம்பிப் பாத்திரத்தை ஏற்பதாக அறிவித்து, எதிர்ப்புக்குப்பின் விலகினார்; அதன்பின் அப்படம் உருவாகவில்லை. நட்சத்திரம் இன்றேல் முதலீடு இல்லை என்போர் இதனை எடுத்துக்காட்டுவர். அதே ஆண்டில் டேனியலா வேகா என்னும் திருநங்கை தலைமைப் பாத்திரம் ஏற்ற சிலி நாட்டுப் படம் சிறந்த அயல்மொழிப் படத்துக்கான ஆஸ்கர் பெற்றதையும் உடன் கூற வேண்டும். பெரும்படத்துக்கு வழியின்றேல் சிறுமேடை உண்டு. வித்யாவும் தோழர்களும் தொடங்கிய நாடகக் குழுவின் பெயர் 'பன்மை'. பால்பகுப்பு ஒருமையைவிடப் பன்மையில் தளர்வது என்பதை மொழியியல் பயின்றவர் அறியாமல் வைத்த பெயராக இருக்க முடியாது.

மொழிபெயர்ப்பாளர் பக்கம்

இவ்வினா நம் தொழிலையும் தொடுகிறது. 2021இல் அமெரிக்கக் கவிஞர் அமாண்டா கோர்மனின் கவிதையை டச்சு மொழியில் பெயர்க்கத் தேர்ந்தெடுக்கப்பட்ட எழுத்தாளர், கறுப்பினத்தவர் அல்லர் என்னும் எதிர்ப்பால் விலகினார். திருநங்கையின் நூலைத் திருநர் அல்லாதார் பெயர்க்கலாமா? ஆ. ரேவதியின் வாழ்க்கை வரலாற்றை வ. கீதா ஆங்கிலத்தில் பெயர்த்ததால் அது உலகெங்கும் படிக்கப்பட்டது. இரண்டையும் ஒன்றென எண்ணுதல் பொருந்தாது. மொழிபெயர்ப்பில் அட்டையில் ஆசிரியர் பெயர் நிற்கிறது; 'நான்' என்பது அவருடையதாகவே இருக்கிறது. திரையில் நடிகரின் உடல் அவரிடத்தை முழுதும் நிரப்பிவிடுகிறது.

ஆனால் மொழிபெயர்ப்பாளர்க்கே உரிய வேறொரு பொறுப்பு உண்டு. அதனைச் சித்தூர் எல்லையில் வாழ்வோர் நாள்தோறும் எதிர்கொள்கின்றனர். தமிழிலும் கன்னடத்திலும் படர்க்கை ஒருமை மூன்று பிரிவுடையது: அவன், அவள், அது. தெலுங்கில் வினைமுற்று இரு பிரிவுடையது. ஆணுக்கு 'வச்சாடு'; பெண்ணுக்கும் விலங்குக்கும் பொருளுக்கும் 'வச்சிந்தி'. எனவே தமிழ் உரையாடலில் காவலர் ஒருவர் திருநங்கையை நோக்கி 'இது எங்கே வந்தது' என்று கூறினால், அந்த 'இது'வே வசை. நன்னூலின் ஈற்றடியில் திறந்த வாயில் வழியே வந்த வசை. அதனை அப்படியே தெலுங்காக்கினால் வினைமுற்று எந்தப் பெண்ணுக்கும் வழங்கும் வினைமுற்றாகி, வசையின் கூர்மை போய்விடும். கூர்மையைக் காக்க 'கொஜ்ஜா' என்னும் இழிசொல்லைச் சேர்த்தால் மூலத்தில் இல்லாத வசை கூடிவிடும். 'நபும்சகுடு' என்றாலோ 'டு' என்னும் ஆண்பால் ஈறு ஒட்டிக்கொண்டே வரும். மறுதலையாக, தெலுங்குப் படத்தில் ஒரு தாய் தன் திருநங்கை மகளை இயல்பாக 'வச்சிந்தி' என்று கூறுவது ஏற்பின் அடையாளம். தமிழில் பெயர்ப்பவர் 'வந்தாள்' என்று எழுத வேண்டும், 'வந்தான்' என்று எழுதிவிட்டால் தாய் மகளை மறுத்தவளாகிவிடுவாள். மரியாதைப் பன்மைக்கு ஓடிவிடுதல் இருமொழியிலும் எளிது. நாளிதழ்கள் 'அவர்' என்று எழுதித் தப்பிக்கொள்கின்றன. தாய் மகளை 'அவர்' என்று கூறாள்.

குரலும் இவ்வாறே. தென்னகப் படங்கள் மொழி மாறும்போது நடிகரின் முகம் எஞ்ச, குரல் மாற்றப்படுகிறது. ஒரு திருநங்கை தம் குரலில் பேசி நடித்த பாத்திரம் தெலுங்குக்குச் செல்லும்போது பின்னணி பேச ஆண் ஒருவரை அழைக்கிறார்களா, பெண் ஒருவரை அழைக்கிறார்களா, மற்றொரு திருநங்கையை அழைக்கிறார்களா என்பது ஒலிப்பதிவுக் கூடத்தில் சில நிமிடங்களில் தீர்மானிக்கப்பட்டுவிடுகிறது. உரையாடலைப் பெயர்த்து, உதட்டசைவுக்கேற்பச் சொல் பொருத்தித் தருபவர் அவ்வேளையில் அக்கூடத்தில்தான் இருக்கிறார்.